வெள்ளைப் பையில் ஒரு கறுப்பு நூல்

அம்சவேணி என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் தங்கை தன் மகன் பாலாவுக்கு ரங்கூனின் க்யிம்யிண்டைங் பேட்டையில் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று. "பொண்ணு நல்லாத்தான் இருக்கா அக்கா. டீ குடுக்க வந்தவ என் ரவிக்கைக் கையை இழுத்துப் பாத்து, இத யாரு தைச்சதுன்னு கேக்குறா."

இழுத்துப் பார்ப்பது அவள் வழக்கம். சந்தைப் பை, பள்ளிப் பை, பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவளின் தோள்பை, எதுவானாலும் அதன் காதை இரண்டு விரலால் சுண்டுவாள். பதினோரு வருடமாக அதே ஊரில், பசுந்தாங் பக்கம் ஒரு தையல் கூடத்தில் வேலை. பாலாவுக்கு இப்போது வேலை இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் இவள் கைதான் சோறு.

போன மழைக்காலத்தில் கூடத்துக்கு வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. வானத்தில் சுற்றும் நிலையத்துக்குச் சாப்பாடும் துணியும் ஆராய்ச்சிச் சாமானும் கொண்டுபோக ஆளில்லாத சரக்குக் கலம் இருக்கிறதாம், பெரிய டின் மாதிரி. அதற்குள் அடுக்க நாற்பது வெள்ளைப் பை. "பெரியத்தை, போறப்ப சாமான், திரும்புறப்ப அங்க உள்ள குப்பை. வர்ற வழியிலேயே பையோட சேந்து எரிஞ்சிருமாம். எரியப்போற பைக்கு அங்குலத்துக்கு எத்தன தையல்னு எண்ணுறாங்க" என்று சிரித்தாள்.

சிரித்தாலும் ஒரு தையல் கோணவில்லை. கடைசிப் பையை முடித்தபோது அதன் அழகு அவளுக்கே பயமாக இருந்தது. எங்கள் வீடுகளில் புதுச் சட்டையின் உள்மடிப்பில் கறுப்பு நூலில் ஒரு முடிச்சுப் போடுவோம், கண் படாமல் இருக்க. அவள் கையும் போட்டுவிட்டது.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி ருக்சார் எல்லாரையும் கூட்டிச் சொன்னாள். அந்த நிலையத்தில் எதுவும் கீழே விழாதாம். ஒரு துண்டு நூல் பிரிந்தாலும் மிதந்துபோய் ஆள் கண்ணிலோ மெஷினிலோ ஏறிவிடும். வரைபடத்தில் இல்லாத நூல் ஒன்று கிடைத்தால் நாற்பதும் திரும்பி வரும். கூடத்துக்கு அடுத்த ஆர்டர் கிடையாது.

அதற்குள் பெட்டியை ஒட்டியாகிவிட்டது. முடிச்சு இருப்பது யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை அம்சவேணி ருக்சார் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, ஒரு பையில என் கறுப்பு நூல் இருக்கு."

"எந்தப் பையில?"

"கடைசியா முடிச்சது. பெட்டியில எதுன்னு தெரியல, எல்லாம் ஒண்ணு போலத்தான தைச்சிருக்கு."

ருக்சார் அவளையே பார்த்தாள். "திருஷ்டி கழிச்சியாக்கும். உன் வேலையையும் சேத்துக் கழிச்சிட்ட. பெட்டியப் பிரி."

ஒவ்வொரு பையாகப் புரட்டினார்கள். இருபத்தேழாவதில் முடிச்சு அகப்பட்டது. அதற்குப் பதில் ஒன்றை ருக்சாரே உட்கார்ந்து தைத்தாள். சரக்கு போனது.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல" என்றான் பாலா.

"அங்க இருக்கிறவனுக்கு ஏதாச்சும்னா எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவான்?" என்றாள்.

அம்சவேணி இப்போது அதே கூடத்தில், வாசல் பக்க மேசையில், மெஷின் இல்லாமல், பாதிச் சம்பளத்துக்கு நின்றபடி பிசிறு வெட்டுகிறாள்.