அக்காவுக்குத் தைத்த போர்வை

அக்கா திருப்பதியிலிருந்து வந்தால் கையை வீசிக்கொண்டுதான் வருவாள். போன டிசம்பரில் அதிசயமாக ஒரு பெரிய கட்டைப்பையோடு வந்தாள். உள்ளே அம்மா அவளுக்காகக் கையாலேயே தைத்துக் கொடுத்த போர்வை இருந்தது. பழைய புடவைகளை அடுக்கித் தைப்பது. சித்தூர்த் தெலுங்குக்காரர்களைப் போல நாங்களும் அதைப் பொந்த என்றுதான் சொல்வோம்.

"வாஷிங் மிஷின்ல போட்டேன், தையலெல்லாம் வுட்டுக்கிச்சி. எங்கூட்டு வேலைக்கு வர்ற அம்மாவோட பொண்ணு புள்ள பெத்துக்கினு வந்துகீது. தெச்சிக் குடு, அதுக்குக் குடுத்துடறேன்" என்றாள். காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் நான். குளிப்பாட்டியது, ஊட்டியது, பீ மூத்திரம் அள்ளியது எல்லாம் நான். ஆனால் படுக்கையில் விழுவதற்கு முந்தைய வருஷம் அம்மா உட்கார்ந்து போர்வை தைத்தது அக்காவுக்கு. பெரியவளுக்குக் குளிர் தாங்காது என்றாள். எனக்கு மட்டும் தாங்கும் போலிருக்கிறது. என்னைத் தைக்கவும் விடவில்லை. கண் மங்கிப்போயிருந்ததால், ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க மட்டும் கூப்பிடுவாள்.

அந்த வெள்ளைப் புடவை விவகாரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் சபையில் பெண்கள் கல்யாணத்தன்று சர்ச்சில் உடுத்திய வெள்ளைப் பட்டைப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். செத்த பிறகு அதையே உடுத்தித்தான் பெட்டியில் வைக்கவேண்டும். அம்மா போன அன்று டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அந்தப் புடவை இல்லை. போதகரும் சபையாரும் வந்து நிற்கிறார்கள். எல்லார் எதிரிலும் அக்கா, "அம்மாவோட வெள்ளப் பொடவைய இன்னாடி பண்ண?" என்று கத்தினாள். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன், இல்லை. சில வாரங்களுக்கு முன், பார்க்க வந்தவர்கள் அந்தப் புடவையைப் பற்றிக் கேட்டபோது அம்மாவே, "இவளத்தான் கேக்கணும்" என்று என் பக்கம் கையைக் காட்டியிருந்தாள். அது போதாதா? அவசரமாக ஒரு நூல் புடவையைக் கட்டி அடக்கம் செய்தோம். விற்றுவிட்டேன் என்று சிலர் பேசினார்கள், தொலைத்துவிட்டேன் என்று சிலர். அக்காவோ எந்த வீட்டு விசேஷத்திலும் அதைச் சொல்லிக்காட்டாமல் இலையில் கை வைப்பதில்லை.

போர்வையை விரித்துப் பார்த்தேன். மேலும் கீழும் பருத்திப் புடவைகள். துணி கெட்டியாகத்தான் இருந்தது, தையல்தான் வரிசை வரிசையாக விட்டிருந்தது. உள்ளே என்னவோ நழுவி ஒரு மூலையில் பந்தாகச் சுருண்டு கிடந்தது. அதை நீவிவிடாமல் மேலாகத் தைத்தால் நிற்காது. ஓரத்தைப் பிரித்துக் கையை விட்டேன். வழுவழுவென்று பட்டு. பருத்திக்கு நடுவில் பட்டை வைத்தால் வழுக்கிக்கொண்டே போகும், தையல் பிடிக்காது என்பது அம்மாவுக்குத் தெரியாததில்லை. இழுத்தேன். மெல்லிய வெள்ளிச் சரிகை போட்ட வெள்ளை முந்தானை வந்தது.

அம்மாவின் கல்யாணப் புடவைதான். தன்னோடு குழிக்குள் போகவேண்டியதையும் பெரியவளின் குளிருக்கு வைத்துத் தைத்திருக்கிறாள். கேட்டவர்களுக்கு என்னைக் காட்டியிருக்கிறாள். அதற்கும் நூல் கோத்துக் கொடுத்தவள் நான்! அழுகை வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது. செத்துப்போனவளை அப்படியெல்லாம் திட்டக்கூடாது. திட்டினேன்.

பிறகு பட்டைச் சமமாக நீவிவிட்டு, நெருக்க நெருக்கமாகத் தைத்தேன். ஒரு மூலையில் மட்டும் கை நுழையும் அளவுக்கு விட்டுவைத்தேன். அக்காவே கையை விட்டு அந்த முந்தானையை வெளியே இழுக்கவேண்டும். பிறகு அவள் வாயாலேயே சபை முழுக்கச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வந்த கூட்டத்தோடு இடித்துக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் அக்காவின் முகம் போகப்போகும் போக்கை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே போனேன்.

வேலை செய்யும் அம்மா அங்கேயே இருந்தாள். போர்வையைத் தடவிப் பார்த்து, "சால பாகுந்தம்மா" என்று தெலுங்கில் மெச்சினாள். அக்காவின் கண் நேராக மூலைக்குப் போனது.

"இன்னாடி, இத்தையும் அரைகொறையா வுட்டுக்கினு வந்துகீற? உங்கிட்ட ஒண்ணு குடுத்தா முழுசா திரும்பி வருமா? அம்மா பொடவ கதைதான்."

கையை உள்ளே விட்டுப் பார் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் என் பேர் சுத்தமாகிவிடும். ஆனால் அம்மா தன் கடைசிப் புடவையைக்கூட இவளுக்குத்தான் கொடுத்தாள் என்பதும் கூடவே ஊருக்குத் தெரியும். அக்கா இந்தப் போர்வையை வேலைக்காரம்மாவுக்குக் கொடுக்கவும் மாட்டாள், அந்தப் பட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஊரெல்லாம் காட்டுவாள். புடவையைத் தொலைத்தவள் என்ற பேர் இருந்துவிட்டுப் போகட்டும். பெற்றவளுக்கு வேண்டாதவள் என்று என் வாயாலேயே சொல்லிக்கொள்ள என்னால் முடியாது.

"மறந்துட்டேன் அக்கா" என்றேன்.

அக்கா முனகிக்கொண்டே உள்ளே போய் ஊசியும் நூலும் எடுத்து வந்தாள். கோக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளுக்கும் கண் மங்கிவிட்டது. ஊசியை என்னிடம் நீட்டினாள். கோத்துக் கொடுத்தேன்.