கைச் சீட்டு, ஆள் சீட்டு, மீன் சீட்டு

கோந்துச் சீட்டு விற்கிற தொழிலில் செருப்புக்கு முன்னால் நாக்கு தேய்ந்துவிடும். எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு அந்த வேலை. ஆபீஸ்காரர்கள் கேட்கிற உருவத்தில் தாளை வெட்டி, பின்பக்கம் கோந்து தடவிக் காயவைத்துக் கொடுப்போம். வாங்குகிறவர் நக்கி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆர்டர் பிடிக்கப் போகிற இடத்தில் நானும் நக்கி ஒட்டிக் காட்டுவேன். ஃபைல் கட்டோடு மாரடித்தவர்களே, நான் சொல்லப்போகிறதை நீங்களாவது நம்புவீர்கள்.

விரல் நீட்டிய கை

ஒரு தாலுகா ஆபீஸில் குமாஸ்தா சுந்தரமூர்த்தி சார், அவசர ஃபைல்கள் மேல் ஒட்டுவதற்கு விரல் நீட்டிய கை உருவம் கேட்டார். கொடுத்த இரண்டாம் வாரமே கூப்பிட்டு அனுப்பினார். "மூணு நாளா, ஒரு ஃபைல் மேல ஒட்டிட்டு சாப்பிடப் போறேன். வந்து பார்த்தா பக்கத்துல கிடக்கிற பழைய ஃபைல் மேல ஒட்டிகினு கீது" என்றார். மழைக்காலம், ஈரத்தில் கோந்து இளகி இடம் மாறியிருக்கும் என்றேன். "மூணு நாளும் அதே ஃபைலுக்கா?" என்றார்.

அதைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். இரண்டு பேருமாகப் பிரித்தோம். முட்டுக்காட்டு விதவை ஒருத்தி, குடிசை போட்டிருந்த இடத்துக்குப் பட்டா கேட்டு எழுதிய மனு. இரண்டு வருஷமாக யாரும் தொடவில்லை. ஓரத்தில் சாருடைய கையெழுத்திலேயே 'நாளை பார்க்கலாம்' என்று இருந்தது. சார் பேனாவைத் திறந்தார். அன்றைக்கே குறிப்பெழுதி மேலே அனுப்பினார். அந்தம்மாவுக்குப் பட்டாவும் கிடைத்தது. அடுத்த முறை நான் போனபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, அந்த விரலைக் கொஞ்சம் மடக்கி வெட்டிக் குடுக்க முடியுமா? நீட்டிகினு இருந்தா என்னையே காட்டற மாதிரி கீது."

பலகையில் ஒரு ஆள்

மாமல்லபுரத்தில் ஒரு கற்சிலைப் பட்டறை. அதன் மேனேஜர் ஆள் உருவச் சீட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிற்பியின் பெயர் எழுதி, வருகைப் பலகையில் ஒட்டியிருந்தார். பொன்னன் என்ற சிற்பி கல் சரிந்து இறந்துபோனார். அவர் சீட்டைச் சுரண்டி எடுத்தார்கள். கோந்துக் கறையில் கல்தூசி படிந்து, பலகையில் ஆள் உருவம் அப்படியே நின்றது. பெயின்ட் அடித்தார்கள். ஒரே வாரத்தில் மறுபடியும் தெரிந்தது.

"உங்க கோந்து, நீங்களே எடுங்க" என்று மேனேஜர் என்னை வரவழைத்தார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். கைக்கு அந்த இடம் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. வெயில் சூடு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் பலகை மாட்டியிருந்த சுவருக்கு வெயிலே வராது. பொன்னனின் உளிகளை வாங்கிப்போக அவர் மனைவி வந்தது அப்போதுதான். பலகையைப் பார்த்தாள். அழவில்லை. முந்தானையால் அந்த உருவத்தின் முகத்தை மட்டும் துடைத்துவிட்டு மேனேஜரிடம் சொன்னாள்: "ஆப்சென்ட்டுன்னு எழுதிடாதீங்க சார். தெனம் வந்துகினுதான் கீறாரு."

நிற்காத மீன்

கோவளத்தில் மீன்பிடிக்கிறவர்களின் சங்கத்தில் கணக்கர் காசிம் பாய். சுவர்ப் பலகையில், கடலுக்குப் போன படகின் பெயருக்கு நேரே ஒரு மீன் சீட்டு ஒட்டுவார். படகு திரும்பினால் ஈரத்துணியால் எடுத்துவிடுவார். சவரிமுத்துவும் இன்னும் மூன்று பேரும் போன படகு புயல் காற்றில் திரும்பவில்லை. மறுநாள் காலையில் அந்த மீன் தரையில் கிடந்தது. கெட்ட சகுனம் என்று பாய் பதறி, எடுத்து ஒட்டினார். அடுத்த நாளும் விழுந்தது. மூன்றாம் நாள் எனக்கு ஆள் வந்தது.

வாசற்படியோரம் சவரிமுத்துவின் மனைவி பிலோமி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். "ஸ்டெல்லாம்மா, இந்தப் பொண்ணு கண்ணெதிர்லயே மீன் வுழுது. எப்படியாவது நிக்க வைம்மா" என்று பாய் கெஞ்சினார். கோந்தை இரட்டையாகத் தடவி, நக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தேன். காற்று துளியும் இல்லை. மற்ற மீன்கள் எதுவும் அசையவில்லை. அது மட்டும் வாலிலிருந்து மெல்ல உரிந்து, எங்கள் கண்ணெதிரே விழுந்தது. மறுபடி ஒட்டினேன். மறுபடி விழுந்தது. என் நாக்கில் ஈரமே இல்லை.

மத்தியானம் மாமல்லபுரத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து நாலு பேரும் இறங்கினார்கள். சவரிமுத்துவின் காலில் கட்டு. படகு உடைந்து, மறுநாள் விடியும்போதே சதுரங்கப்பட்டினத்துக் கரையில் அலை அவர்களைத் தூக்கிப் போட்டிருக்கிறது. காய்ச்சலில் யாரோ ஒருவருடைய குடிசையில் கிடந்திருக்கிறார்கள். முதல்முறை மீன் விழுந்ததும் அதே காலையில்தான். புருஷனைக் கட்டிப்பிடித்து அழுது தீர்த்த பிலோமி, எங்கள் பக்கம் திரும்பினாள்: "கரை சேந்துட்டாருன்னு அது மொத நாளே சொல்லிச்சு. நீங்கதான் நக்கி நக்கி ஒட்டி, அவரைக் கடல்லயே வச்சிகினு இருந்தீங்க!"

நன்றாக நிற்கும் என்று நான் சத்தியம் பண்ணி விற்ற சரக்கு, எங்கே நிற்க வேண்டும் எங்கே நிற்கக் கூடாது என்பதை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது.