‘ஒண்ணும் இல்லைங்க டாக்டர்’ என்று சொன்ன என் வாய்

இன்று உங்கள் முன்னால் சாட்சி சொல்ல நின்று, நடுவில் மூச்சு வாங்காமல் பேச எனக்குப் பெலன் தந்த ஆண்டவருக்கு முதலில் நன்றி சொல்லுகிறேன். நான் சொல்லப்போவது சிலருக்குப் பெரிய அற்புதமாகத் தெரியாமல் போகலாம். ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, உடம்புக்கு என்ன செய்கிறது என்று வாயைத் திறந்து சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதமும் நான் குற்ற உணர்ச்சியில் வெந்துபோனேன்.

என் பெயர் லில்லி. போத்தனூரில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். என் கணவர் தேவராஜ், பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டுகிறார். எனக்குப் பல வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. ஜாக்கெட் கொக்கியை அவர்தான் மாட்டிவிடுவார். துணி பிழிவது, தேங்காய் துருவுவது, சிலிண்டரை நகர்த்துவது எல்லாம் அவர் வேலை. ஷிப்ட் முடித்து வந்து, ஒரு நாளும் முகம் சுளிக்காமல் செய்வார். அவர் முகம் சுளித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வாரத்துக்கு ஒரு முறை போடும் மாத்திரை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் மூட்டு வலி நன்றாகவே குறைந்தது. அதைச் சபையில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். ‘ஆண்டவர் எனக்குச் சுகம் தந்தார்’ என்று சொல்லி அழுதேன். நிறையப் பேர் கூடவே அழுதார்கள். அதற்குப் பிறகு யார் பார்த்தாலும், ‘நல்லா இருக்கீங்களா சிஸ்டர்?’ என்று சந்தோஷமாகக் கேட்பார்கள். நானும் நன்றாக இருக்கிறேன் என்பேன்.

போன வருடம் ஐப்பசி மழை ஓய்ந்த சமயம் எனக்கு வறட்டு இருமல் தொடங்கியது. சளி இல்லை. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பாதிப் படியில் நின்று, கீழ்வீட்டுக்காரர்கள் பார்த்தால் சாவியைத் தேடுகிற மாதிரி பையைத் துழாவுவேன். சபையில் பாடகர் குழுவில் நான் இருக்கிறேன். கிறிஸ்துமஸ் பாடல்கள் பழகும்போது நீளமாக இழுக்க வேண்டிய இடத்தில் எனக்குச் சத்தம் வரவில்லை. வாயை மட்டும் அசைத்தேன். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, ஆண்டவருடைய பலிபீடத்துக்கு முன்னால் நின்று, பாடுகிற மாதிரி நடித்தேன். அன்று வீட்டுக்கு வந்து என்னால் சாப்பிட முடியவில்லை.

டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் டாக்டர் கெட்டிக்காரர். கோயமுத்தூரில் பெயர் பெற்றவர். ஆனால் நாம் சொல்வதைக் கேட்க அவருக்கு நேரம் கிடையாது. அதற்கு முந்தின வருடம் கண் எரிகிறது, கை மரத்துப்போகிறது என்று சொன்னேன். சோதனைகள் எழுதிக் கொடுத்தார். அவற்றில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நோயாளி உள்ளே வந்து நின்றுகொண்டிருக்கும்போதே, “பாருங்கம்மா, ஒண்ணுமே இல்லை. நீங்களா யோசிச்சு யோசிச்சு வியாதியை வரவழைக்காதீங்க” என்றார். நர்ஸ் சிரித்தார். அன்றைக்கு என் கணவர் எனக்காக லீவு போட்டு வந்திருந்தார். ஒன்றுமில்லாததற்கு அவரை அலைய வைத்துவிட்டேனே என்று வெளியே வந்து தலை குனிந்தேன்.

அதனால் இந்த முறை மாதாந்தரச் செக்கப்புக்குப் போனபோது, அவர் சீட்டைக் கிழித்துக்கொண்டே, “வேற ஏதாவது?” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட அவர் கை மணியை அழுத்தப் போய்விட்டது. இருமல் என் தொண்டையிலேயே இருந்தது. அடக்கிக்கொண்டேன். “ஒண்ணும் இல்லைங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஒவ்வொரு நாளும் இரண்டு பக்கமும் குத்தியது. சொன்னால், சுகம் கிடைத்தது என்று சபையில் சொன்னது பொய்யாகிவிடும். விசுவாசம் இல்லாதவள் ஆகிவிடுவேன். என் கணவருக்கு இன்னொரு பாரம் ஏறும். சொல்லாவிட்டாலோ, எனக்காக இத்தனை செய்கிற மனிதரை ஏமாற்றுகிறேன். ஜெபத்திலும் அதே கதைதான். முழங்கால் போட முடியாததால் கட்டிலில் உட்கார்ந்து, ‘ஸ்தோத்திரம் ஆண்டவரே, நன்றாக வைத்திருக்கிறீர், ஸ்தோத்திரம்’ என்று சொல்லி முடித்துவிடுவேன். டாக்டரிடம் சொன்ன பொய்யைத்தான் ஆண்டவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சமையலறையில் குக்கரை இறக்கி வைக்கப் போனேன். அந்த ஒரு அசைவுக்கே மூச்சு முட்டியது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம் வந்துவிட்டது. அப்போது சபையில் ஜெபிக்கிற வார்த்தை ஒன்றும் வரவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சுதான் வந்தது. “ஆண்டவரே, எனக்கு மூச்சு வாங்குதுங்க. படி ஏற முடியலைங்க. பாட முடியலைங்க. பயமா இருக்குதுங்க. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலைங்க” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பின்னால் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. துணி காயப்போடப் போயிருந்த என் கணவர் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏன் அம்மணி, ஆண்டவர்கிட்டச் சொல்றே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றார்.

“உங்களுக்கு இன்னொரு பாரம் எதுக்குங்கன்னுதான்…”

“பாரமா? நீ சொல்லாம இருந்து உனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா, அந்தப் பாரத்தை நான் எங்க கொண்டுபோய் எறக்கி வெக்கறது?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கண் கலங்கிப்போய்ச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அழுத அழுகையில் இருமல் வந்து, இருமலில் மூச்சு போய், அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். யாரிடம் சொல்வது என்று கேட்டு முடிக்கும் முன்பே ஆண்டவர் ஆளை வாசல்படியில் நிறுத்தியிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாளே கிளம்பினோம். வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டார். என் உடம்பின் பழைய கதை எல்லாம் தெரிந்தவர் இந்த டாக்டர்தான், முதலில் இவரிடமே போவோம் என்றேன். “நானே பேசறேனுங்க. நீங்க பக்கத்துல உக்காந்தாப் போதும்” என்றும் சொன்னேன். டோக்கன் வாங்கிக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது கண்ணை மூடாமலே ஜெபித்தேன். ‘ஆண்டவரே, அவர் சிரித்தால் சிரிக்கட்டும். நான் மட்டும் பாதியில் எழுந்து வந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளும்.’ அதைத்தான் கேட்டேன். சுகத்தைக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே போனதும் டாக்டர் என் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். “மூட்டெல்லாம் நல்லா இருக்கே. அடுத்த மாசம்தானே வரணும்?”

இருமல், மூச்சு வாங்குதல் என்று ஆரம்பித்தேன்.

“பனிக்காலம்மா. கோயமுத்தூர்ல இப்ப யாருக்குத்தான் இருமல் இல்லை? சிரப் எழுதித் தரேன்” என்று சொல்லி எழுதினார். மணி அடித்தது. அடுத்தவர் கதவைத் திறந்தார்.

என் கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது. எத்தனை வருடப் பழக்கம்! ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, “டாக்டர், நான் இன்னும் சொல்லி முடிக்கலைங்க” என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் படியில் நிற்பது, பாட்டில் சத்தம் வராதது, குக்கரை இறக்கியபோது ஆனது, போன தடவை ‘ஒண்ணும் இல்லை’ என்று பொய் சொன்னது, எல்லாம். அவர் எழுந்து வந்து முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, “மூச்சை நல்லா இழுங்க” என்றார். “இன்னொரு தடவை.” மறுபடியும், “இன்னொரு தடவை.” பிறகு விரலில் கிளிப் மாட்டி, வராண்டாவில் நடக்கவிட்டு, திரும்பவும் பார்த்தார். ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் இறங்கியிருந்தது. உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

இரண்டு நுரையீரலிலும் அழற்சி. நான் வாராவாரம் போட்ட மாத்திரையே அதைச் செய்திருக்கலாம், அபூர்வமாகச் சிலருக்கு அப்படி ஆகும் என்று விளக்கினார். இன்னும் சில வாரம் அதையே விழுங்கியிருந்தால் நிலைமை கைமீறியிருக்கும் என்றார். கடைசியில், “இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்மா” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவரை வாய் திறக்காத என் கணவர் மெதுவாகச் சொன்னார்: “சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னு பயந்துட்டாங்க சார்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். 

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். நாளுக்கு நாள் மூச்சு வாங்குவது குறைந்து வந்தது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இன்னைக்கு வேற என்ன செய்யுது, சொல்லுங்க” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவும் செய்தார்.

என் நுரையீரலின் அடியில் கொஞ்சம் இடம் தழும்பாகிவிட்டது. அது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். முன்னாலேயே பேசியிருந்தால் அதுவும் தப்பியிருக்குமோ என்று இன்றைக்கும் சில சமயம் மனது குத்தும். அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு இஷ்டமில்லை. குத்தும்போது ஆண்டவரிடம் சொல்லுகிறேன், என் கணவரிடமும் சொல்லுகிறேன். சுகம் தந்தார் என்று அன்றைக்குச் சொன்னது பொய் இல்லை என்பதும், இன்னொரு நோய் வந்தது என்று சொன்னால் நான் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவள் ஆகமாட்டேன் என்பதும் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் புரிந்தது.

இப்போது நம் சபையில் யாராவது டாக்டரிடம் தனியாகப் போகப் பயந்தால் நான் கூடப் போகிறேன். பேசுவது அவர்கள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

போன வாரம் எனக்கு நாக்கு எரிந்தது. நேரே போய்ச் சொன்னேன். பார்த்துவிட்டு, “இது ஒண்ணும் இல்லைம்மா, பயப்படாதீங்க” என்றார் டாக்டர். “சரிங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இந்த முறை எனக்கு வெட்கமாக இல்லை. என் கணவரும் நானும் ஆஸ்பத்திரி கேண்டீனில் காபி குடித்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

அன்பானவர்களே, உங்களுக்குள்ளேயும் யாராவது எதையாவது அடக்கிக்கொண்டு, ‘ஒண்ணும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். முதலில் ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். அவர் கேட்கிறவர். பிறகு எழுந்து போய், கேட்க வேண்டிய மனிதரிடமும் சொல்லுங்கள். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.