நாற்பது நாள் பார்க்காத படங்கள்

வெள்ளைக்காரர் எடுக்கிற பேய்ப்படங்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. அவர்களின் பேய் எப்போதும் வீட்டுக்குக் கீழே இருக்கும் அறையில்தான் குடியிருக்கும். மன்னார்த் தீவில் முழங்கால் ஆழம் கொத்தினாலே உப்புத்தண்ணீர் ஊறும். இங்கே வரும் பேய் முதல் நாளே தடிமன் பிடித்துத் தும்மிக்கொண்டு ஓடிவிடும். கொரியாக்காரரின் கொலைப்படங்கள் பரவாயில்லை. அவர்களுடைய பொலிஸ்காரருக்குப் பசிக்கிறது, கொலைகாரனைத் துரத்தும்போது மூச்சு வாங்குகிறது. நம்பலாம். நம்முடைய பொலிஸ் படங்களில் கதாநாயகன் மழையில் உருண்டு எழும்பினாலும் தலை கலையாது. அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

இந்த அபிப்பிராயங்களை நான் எழுதி வைப்பதில்லை. போனில் குரல் பதிவாகப் பேசி, கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருக்கும் கூட்டாளிக்கு அனுப்புவேன். பதினெட்டு வருடம் நாங்கள் அந்த முகாமில் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்தோம். சுவர் கூரை வரைக்கும் போகாது. அவன் வீட்டில் ஓடும் படத்தை நான் என் பாயில் படுத்தபடி காதால் பார்ப்பேன். “மச்சான், இப்ப கதவுக்குப் பின்னால நிக்கிறது ஆர், சொல்லு பாப்பம்” என்று அங்கிருந்து கேட்பான். பேய்ப்படம் என்றால் அவனுக்கு உயிர். எனக்காக ஒரு நாளும் மாற்ற மாட்டான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும் என்று நானும் கேட்டுக்கொண்டு கிடப்பேன். பிறகு நானும் மனைவியும் ஊருக்குத் திரும்பினோம். இங்கே மன்னார்ப் பக்கம் அடம்பனில் பிறந்த அவன், மகளின் படிப்பைச் சொல்லி அங்கேயே நின்றுவிட்டான்.

கரையில் மீன் வாங்கி ஏற்றுகிற வாடியில் ஐஸ் உடைத்துப் பெட்டிகளுக்குப் போடுவது என் வேலை. காலை பத்து மணிக்கு லொறி போய்விட்டால் வேலை முடிந்தது. மனைவி இறந்த பிறகு, பத்து மணிக்கு மேல் வருகிற பகலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுப் படம் பார்ப்பேன். முடிந்ததும் இரண்டு நிமிடம் பேசி அனுப்புவேன். அவனும் தான் பார்த்ததைச் சொல்லுவான். ‘கொலைகாரனை முதல் காட்சியிலேயே பிடிச்சிட்டன், சும்மா சும்மா சிரிக்கிறான்.’ ‘பேய் நல்லம், குடும்பம்தான் சரியில்லை.’ படத்தைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் கிடையாது. சுகமா என்றுகூடக் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நான் படமே பார்த்தேன். அதை இனி மறைத்து என்ன பயன்?

ஒருமுறை ஒரு குடும்பப்படம் பார்த்தேன். மனைவியை இழந்த ஒருவர் சோற்றைத் தட்டில் போடாமல் சட்டியோடு வைத்துச் சாப்பிடுகிறார். வசனம் இல்லை, இசை இல்லை. படம் எடுத்தவனுக்கு விஷயம் தெரியும் என்று கூட்டாளிக்கு அனுப்பினேன். நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன் என்பதைச் சொல்லவில்லை.

இந்த வருடம், உயிர்த்த ஞாயிறான பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கும் முன் பங்குச் சுவாமி பிரசங்கத்தில், “உங்களுக்கு லேசானதை விடாதேங்கோ, விருப்பமானதை விடுங்கோ” என்றார். எங்கள் ஆட்கள் தபசுக்கு இறைச்சியை விடுவார்கள், குடிக்கிறவர்கள் குடியை விடுவார்கள். நான் குடிப்பதில்லை. மீன் வாடியில் நிற்கிறவன் இறைச்சியை விடுவதும் ஒரு ஒறுத்தலா? படத்தை விடுவது என்று முடிவெடுத்தேன். அவன் அனுப்புவதும் படக்கதைதானே, அதைக் கேட்டால் பாதிப் படம் பார்த்த மாதிரி. விபூதிப் புதன் காலையில் அவனுக்குச் சொன்னேன்: “மச்சான், பாஸ்கு வரைக்கும் படமும் இல்லை, உன்ர குரலும் இல்லை. குறை நினையாத.”

அவன் அனுப்பிக்கொண்டுதான் இருந்தான். திறக்காத பதிவுகளின் எண்ணிக்கை போனில் ஏறிக்கொண்டே போனது. அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கோயிலுக்கு, யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் கேட்கப் போவேன். தபசின் நாலாவது வாரத்தோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. என் தபசை மதிக்கிறான் என்று நினைத்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் கதிரையில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலாவதில், “நீ கேக்காட்டியும் நான் சொல்லுவன், பாஸ்குக்குக் கேள்” என்று சிரித்தான். பிறகு இரண்டு பேய்ப்படம், ஒரு வழக்குப்படம், முடிவு பிடிக்காத ஒரு காதல்படம். நானும் தனியாகச் சிரித்தேன். போகப் போகப் பதிவுகள் குறுகின. கடைசிப் பதிவில் அவனுடைய பேச்சு இழுபட்டது.

“படம் நல்லம் மச்சான். கொலைகாரன்ர பேர்தான் வாயில வருகுதில்லை. காலமையில இருந்து வலக்கை விறைப்பாக் கிடக்கு. ஆசுப்பத்திரிக்கு வாங்கோ எண்டு மகள் கரைச்சல் படுத்திறாள். இதுக்கெல்லாம் போவினமே எண்டிட்டன். நீ என்ன சொல்லுறாய்? நீ போ எண்டால் போறன்.”

திகதியைப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. உடனே அவனுக்குப் போன் எடுத்தேன். மகள்தான் பேசினாள். முகாமில் பிறந்த பிள்ளை, அவளுடைய பேச்சு அந்த ஊர்ப் பேச்சு. அன்று சாயங்காலமே விழுந்துவிட்டான் என்றாள். பாரிசவாதம். இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், வலப்பக்கம் அசையவில்லை, பேச்சு வரவில்லை.

“உங்களுக்கு அனுப்பிட்டு, பதில் வரும்னு போனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க மாமா. உங்களத் தப்பா சொல்லல. காதுல வைக்கிறேன், அவங்களுக்கு எல்லாம் கேக்கும். ஏதாவது படம் பத்திச் சொல்லுங்க.”

போனை அவன் காதில் வைத்தாள். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. அவன் காத்திருப்பது தெரிந்தது. நாற்பது நாளாக நான் ஒரு படமும் பார்த்திருக்கவில்லை.

“ஆசுப்பத்திரிக்குப் போ மச்சான்” என்றேன்.