கடைசிக் கோப்பைக்கு முன்

உஷாங்கிக்கு இரண்டு வேலை. காலையில் ஊரிலிருந்து தலைநகர் திபிலீசிக்கு மினி பஸ் ஓட்டுவது ஒன்று. மீதி நேரமெல்லாம் பேசுவது இன்னொன்று. கக்கேத்தி வட்டாரத்தின் அந்த மூலையில் கல்யாணமா, ஞானஸ்நானமா, தமாதா அவர்தான். விருந்தை நடத்துகிறவர், எதற்காகக் குடிக்கிறோம் என்று கோப்பையை உயர்த்திச் சொல்கிறவர் தமாதா. அவர் சொல்லி முடிக்கும் வரை ஒயினில் யாரும் வாய் வைக்கக் கூடாது. கடைசிக் கோப்பையை அவர் சொல்லும் வரை யாரும் எழுந்து போகவும் கூடாது. அவசரமென்றால் அவரிடம் விடை வாங்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் உஷாங்கி ஒருத்தருக்கும் விடை கொடுத்ததில்லை. பல்வலி என்று கெஞ்சிய பக்கத்து வீட்டு கிக்லாவைக்கூட உட்கார வைத்து, அவன் பல்லுக்காகவே ஒரு கோப்பை சொன்ன மகராசன் அவர்.

வினை ஜூன் மாதம் வந்தது. ஊர்ச் சாலையைத் திறந்து வைக்க எம்.பி. ஜெமால் வந்திருந்தார். அன்றைய விருந்துக்கும் உஷாங்கிதான் தமாதா. அவருடைய ஒரே மகன் ரமாஸ் அப்போது ஈராக்கில், கூட்டுப்படையோடு இருந்தான். செப்டம்பரில் திரும்ப வேண்டும், அக்டோபரில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் நெஸ்தானோடு கல்யாணம். பெரிய நாடுகளே மூட்டை கட்டும்போது நமக்கென்ன அங்கே வேலை என்று மேசையில் யாரோ முணுமுணுத்தார்கள். உஷாங்கிக்குப் பொறுக்கவில்லை. கோப்பையாகக் குடிக்கிற மாட்டுக் கொம்பு நிறைய ஒயினோடு எழுந்தார்.

"நாம சின்ன நாடுதான்யா. ஆனா சிநேகிதன் மேசையில உக்காந்துட்டு, கடைசிக் கோப்பைக்கு முன்னால எந்திரிச்சுப் போறவன் மனுஷனா? நாம போக மாட்டோம்!"

மேசை அதிர்ந்தது. ஜெமால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் உஷாங்கி இன்னொரு கொம்பு குடித்தார்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம். மனைவி நர்கீசா அடுப்பில் பிளம்ஸ் சட்னி கிண்டிக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியில் நாடாளுமன்றம். ஜெமால் எழுந்து, "கக்கேத்தியில் ஒரு தமாதா சொன்னார்..." என்று ஆரம்பித்தார். உஷாங்கி நாற்காலியிலிருந்து துள்ளினார்.

"ஏய், என் பேச்சுடி! ஒரு வார்த்தை மாத்தல பாரு!"

சபை எழுந்து நின்று கை தட்டியது. பிறகு வாக்கெடுப்பு. ஈராக்கில் இருக்கும் படை ஏப்ரல் வரை அங்கேயே இருக்கும் என்று முடிவாயிற்று.

நர்கீசா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏப்ரலா? அப்போ கல்யாணம்?"

உஷாங்கி உட்கார்ந்தார்.

"உன் வாயை அந்தத் திராட்சைத் தோட்டத்திலயே புதைச்சிருக்கணும்யா. மேசையில பேசியே பெத்த புள்ளைய அங்கயே நிறுத்தி வச்சுட்டியே!"

சாயங்காலம் நெஸ்தான் வந்தாள். அழுவாள் என்று பயந்திருந்தார். அவள் அழவில்லை. "மாமா, ரொம்ப நல்லாப் பேசினீங்களாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, நர்கீசாவுக்குச் சட்னியைப் புட்டியில் ஊற்ற உதவினாள். அந்த ஒரு வரி அவரைக் குடைந்து எடுத்துவிட்டது. மறுநாள் பயணிகள், "அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கும் அளவுக்கு வாயே திறக்காமல் பஸ் ஓட்டினார்.

பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக ஜெமாலின் அலுவலகத்துக்குப் போனார்.

"ஐயா, அந்தப் பேச்சை நான் திருப்பி எடுத்துக்கறேன்."

ஜெமால் வாய்விட்டுச் சிரித்தார். "உஷாங்கி, குடிச்ச கோப்பையத் திருப்பி எடுக்கற தமாதாவ எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

இல்லைதான். உஷாங்கி தொப்பியைக் கசக்கினார். "அப்ப எம் புள்ளைய பத்து நாள் அனுப்புங்க. கல்யாணம் பண்ணிக்கறதுக்காவது வரட்டும்."

ஜெமாலுக்கும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். உடனே போனை எடுத்தார்.

அக்டோபரில் ரமாஸ் வந்தான். கறுத்து, இளைத்து, அம்மாவின் கையிலிருந்து ரொட்டியைப் பறித்துத் தின்றுகொண்டே. தேவாலயத்தில் இருவருக்கும் கிரீடம் சூட்டிக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பா தமாதாவாக இருப்பது வழக்கமில்லை. "அப்பாதான் வேணும், வேற யாரு பேச்சும் எனக்குக் காதுல ஏறாது" என்று ரமாஸ் பிடிவாதம் பிடித்தான். முற்றத்தில் முந்நூறு பேர். திராட்சைக் கொடி விறகில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. உஷாங்கி ஏழாவது கோப்பையில் இருந்தபோது ரமாஸின் போன் அடித்தது. விமானத்தை ஒரு நாள் முன்னதாக மாற்றிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அவன் கிளம்ப வேண்டும்.

ரமாஸ் மேசையைச் சுற்றி வந்து அப்பாவின் முன்னால் நின்றான். பாட்டு நின்றது.

"தமாதா, விடை குடுங்க."

முந்நூறு பேரும் உஷாங்கியைப் பார்த்தார்கள். கிக்லா பல்லைத் தடவிக்கொண்டான். எத்தனை பேரைக் கட்டிப்போட்ட மனுஷன்! இப்போது இவனையும் உட்காருடா என்று அதட்டிவிட மாட்டோமா என்று உஷாங்கியின் நெஞ்சு துடித்தது.

"போயிட்டு வாப்பா" என்றார்.

தமாதா மேசையை விட்டு நகரக் கூடாது. அதனால் சொந்த மகனை விமான நிலையத்தில் விடக்கூட அவரால் முடியவில்லை. அவருடைய மினி பஸ்ஸில் கிக்லாதான் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனான், நெஸ்தான் கல்யாண உடுப்போடு முன்சீட்டில். பஸ் திருப்பத்தில் மறைந்ததும் உஷாங்கி கொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"கடைசிக் கோப்பைய நான் இன்னிக்குச் சொல்லப் போறதில்ல. அவன் வந்தப்புறம்தான். அதுவரைக்கும் யாரும் மேசைய விட்டு எந்திரிக்கல, புரியுதா? வீட்டுக்குப் போங்க, தூங்குங்க, தோட்டத்துக்குப் போங்க. ஆனா விருந்து நடந்துட்டுத்தான் இருக்கு."

ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! குளிர்காலம் முழுக்க அந்த ஊர் ஒரே விருந்தில் இருந்தது. வேலைக்குத் தாமதமாக வந்தவன், "நான் இன்னும் உஷாங்கி மேசையிலதான் இருக்கேன்" என்றான். கடைக்குப் போய் வெறுங்கையோடு வீடு திரும்பிய கிக்லா தன் பெண்டாட்டியிடமும் அதையே சொல்லி, விறகுக் கட்டையால் ஒன்று வாங்கினான். நெஸ்தான் வாரம் ஒருமுறை முற்றத்து மேசையில் பனியைத் துடைத்து, ரமாஸின் கோப்பையைக் கழுவி அதே இடத்தில் வைத்தாள். "பேச்சு மிச்சம் இருக்கா மாமா?" என்று கேட்பாள். "மூணு மணி நேரத்துக்கு இருக்கும்மா" என்பார் அவர். ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருந்தார்.

ஏப்ரலில் ரமாஸ் பெட்டியோடு வாசலில் வந்து இறங்கினான். கால் மணி நேரத்தில் முற்றம் நிரம்பியது. எல்லாரும் அக்டோபரில் உட்கார்ந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். உஷாங்கி நோட்டைத் திறந்தார், கொம்பை உயர்த்தினார். மகனைப் பார்த்தார். நோட்டை மூடிவிட்டார்.

"வந்துட்டான்" என்றார். "இனிமே யாரு வேணாலும் எந்திரிக்கலாம்."

குடித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.