நான் பளபளப்பாக்கிய மேடை

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா, மே மாத சீசன் தொடங்கிய முதல் வாரம். பூங்காவின் பெயர் வேண்டாம். அதை நினைத்தாலே எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நான் பெயின்டர். வீடு பெர்ன்ஹில்லில். எங்கள் மலையில் சீசன் வருகிறதென்றால் பெயின்டருக்குச் சாப்பிட நேரமிருக்காது. லாட்ஜ், கடை, பார்க் பெஞ்ச், குப்பைத்தொட்டி வரைக்கும் எல்லாம் புதுசு போல மின்னியாக வேண்டும். பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அடிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. போன வருடத்து கோட் மேலேயே இந்த வருடத்து கோட். சீசன் பெயின்ட் என்றால் எங்களுக்குள் அர்த்தமே அதுதான்.

அந்தப் பூங்காவில் கொலம்பஸ் இருக்கிறது. முன்னும் பின்னும் ஆடுமே, அந்தப் பெரிய படகு. அதில் ஏறி இறங்க ஒரு இரும்பு மேடை, நாலு படி. கால் பிடிப்பதற்காக மேடு மேடாக வரி போட்ட தகடு. வருஷா வருஷம் அதற்குப் பெயின்ட் அடித்தது நான்தான். அந்த வருடம் பிரஷ்ஷை வைத்தால் வரியே கைக்குத் தட்டுப்படவில்லை. பழைய கோட்டெல்லாம் சேர்ந்து மொழுமொழுவென்று மூடிவிட்டிருந்தது. காலை ஈரத்தில் கால் வைத்த எனக்கே ஒரு தடவை சறுக்கியது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "ஏனுங்க, பழசைச் சுரண்டிப்போட்டு, ஈரப் பெயின்ட் மேல சலிச்ச மணலைத் தூவி உட்டா கால் நல்லாப் புடிக்குமுங்க. ரெண்டு நாள் சேத்திக் குடுங்க."

"மணலைத் தூவுனா மாட்டுக் கொட்டாயாட்ட இருக்கும். ஆளுங்க போட்டோ எடுக்கற எடமுங்க இது. பளபளன்னு செவப்பு அடிங்க, அது போதும்" என்றார்.

நானும் வாயை மூடிக்கொண்டு இரண்டு கோட் அடித்தேன். தெரியாமல் அடிக்கவில்லை, தெரிந்தேதான் அடித்தேன். காய்ந்ததும் முகம் பார்க்கலாம் போல இருந்தது. மேனேஜருக்கு ஏக சந்தோஷம், கையில் இரண்டு பாஸ் கொடுத்தார்.

அக்காவை வரச் சொன்னேன். அரவேணு பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். கொலம்பஸை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. "ஒரே ஒரு தடவை அதுல ஏறோணும்டா தம்பி" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். படகு மேலே போனதும் அவள் போட்ட கூச்சலையும் சிரித்த சிரிப்பையும் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அதற்குள் மேகம் இறங்கி எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் ஊரில் இதற்கு இரண்டு நிமிஷம் போதும்.

படகு நின்றது. சிரித்துக்கொண்டே எனக்கு முன்னால் இறங்கினாள். இரண்டாவது படியில் கால் அப்படியே போய்விட்டது. வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் கேட்ட சத்தத்தை நான் எழுத விரும்பவில்லை.

படகை இயக்கும் பெண் ஓடிவந்து தூக்கினாள். அழாத குறையாகச் சொன்னாள், "இன்னைக்கு இது மூணாவதுங்க. நான் சாக்குப் போட்டு வெச்சிருந்தேன். பாக்க அசிங்கமா இருக்குதுன்னு எடுக்கச் சொல்லிட்டாங்க."

மூன்றாவது! காலையிலிருந்து இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள், படகு ஆடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. மேனேஜர் வந்தார். வந்தவர் முதலில் பார்த்தது என்ன தெரியுமா? அக்காவின் கையை அல்ல, காலை. "ரப்பர் செருப்புப் போட்டுட்டு வந்தா வழுக்கத்தானுங்க செய்யும்?" மழையிலும் அட்டைக்கடியிலும் முதுகில் கூடையோடு செங்குத்துச் சரிவில் நடக்கிறவளுக்கு, நாலு படி இறங்கத் தெரியவில்லையாம். அந்த ஆள் சட்டையைப் பிடிக்காமல் விட்டது அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அவசரத்தில்தான்.

ஆட்டோவில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். "எவன்டா அந்தப் படிக்குப் பெயின்ட் அடிச்சவன்? சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறானா?" நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எலும்பு முறிவு என்று மாவுக்கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் மேனேஜரிடமிருந்து போன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கத்தான் என்று நினைத்தேன். "ஒரு போர்டு எழுதோணுமுங்க. 'கவனம், வழுக்கும், பார்த்து நடக்கவும்.' இன்னைக்கே வேணும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரஷ்கூட எடுக்காமல் போனேன். கொலம்பஸ் முன்னால் இருபது முப்பது பேர் வரிசையில் நின்றார்கள், பாதி குழந்தைகள். படியில் ஏறிக் குறுக்கே நின்றுகொண்டேன். "யாரும் ஏறாதீங்க. இந்தப் படி வழுக்குது. நேத்து மூணு பேர் உழுந்தாங்க, அதுல ஒண்ணு எங்கக்கா. பெயின்ட் அடிச்சவன் நாந்தான், நானே சொல்றேன்!" என்று கத்தினேன்.

மேனேஜர் ஓடிவந்தார். "என்னங்க இது, போர்டு வெச்சரலாம்னுதானே சொன்னேன்?"

"வழுக்கும்னு எழுதி வெக்கத் தெரியுது, வழுக்காம வெக்கத் தெரியாதா உங்களுக்கு?"

வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தர் படியைக் காலால் தேய்த்துப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார். அவர் பின்னாலேயே வரிசை கலைந்தது. அப்புறம்தான் மேனேஜர் படகை நிறுத்தினார். மூன்று பேர் விழுந்தபோது நிற்காத படகு, வரிசை கலைந்ததும் நின்றது.

நான் முதலில் கேட்ட அந்த இரண்டு நாள் இப்போது கிடைத்தது. அன்றும் மறுநாளும் உட்கார்ந்து சுரண்டினேன். சிவப்புக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் பச்சை, மஞ்சள் என்று ஏழு கோட். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வரிகள் முதல் நாள் போலவே இருந்தன. தகடு செய்தவன் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். அதன் மேல் சொரசொரவென்று மணல் தூவி அடித்தேன். படகு ஓட்டும் பெண் ஏறி நின்று அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். என் நகக்கண்ணைப் பார்த்து, "கையெல்லாம் எதுக்குடா இத்தனை செவப்பு?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வழுக்கும்னு தெரிஞ்சேவா அடிச்ச?"

"ஆமாக்கா. மேனேஜருதான்..."

"மேனேஜரு சொன்னாருன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத."

திட்டவில்லை, அழவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி இன்றுவரை பேசவும் இல்லை. கட்டுப் பிரித்த பிறகு அவள் கட்டைவிரல் முழுசாக மடங்கவில்லை. கட்டைவிரல் மடங்காமல் கொழுந்து கிள்ள முடியாது. கூடையை இறக்கி வைத்துவிட்டு இப்போது எஸ்டேட் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். மேனேஜர் மேல் எனக்குள்ள கோபம் தணியவில்லை, தணியவும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு சீசனிலும் எவராவது "பளபளன்னு அடிங்க, அது போதும்" என்று சொல்லும்போது, அந்த மடங்காத விரல்தான் கண் முன்னால் வருகிறது, யார் சொன்னாலும் பிரஷ் பிடிப்பது என் கைதான் என்பதை அது என்னை மறக்க விடுவதில்லை.