கிளப் இல்லாத ஆறு பேர்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பொது நீச்சல் குளத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபது வயதிருக்கும். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நீச்சல், ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகளில் அண்ணன்மாரோடு குதித்துப் பழகியது.

ஒலிம்பிக்கில் பெண்கள் இசைக்கேற்ப ஒன்றாக நீந்தி, கால்களை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டி ஆடியதை டிவியில் பார்த்ததிலிருந்து எங்களுக்கு அதே பைத்தியம். எங்களுக்கு என்றால், குளத்துக்கு வரும் ஆறு பெண்கள். தமிழ், சீனம், மலாய் எல்லாம் கலந்து. கற்றுக்கொடுக்க ஆளில்லை. மூக்கில் தண்ணீர் ஏறி, ஒருத்தியிடம் ஒருத்தி உதை வாங்கித்தான் பழகினோம். மாநில நீச்சல் போட்டியின் இடைவேளையில் ஆடிக்காட்டலாம் என்று குளத்து மேலாளர் சொன்னபோது தலைகால் புரியவில்லை.

அம்மாவுக்கு நீச்சலுடை என்றாலே ஆகாது. “நாலு பேரு முன்னால இப்படி நிக்கணுமா?” என்று பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்கு என்ன நினைத்தாரோ, காலையில் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி முடித்த கையோடு பஸ் ஏறி வந்து கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

உடை மாற்றி வந்த எங்களை மாநிலச் சங்கத்து அதிகாரி ஒருவர் தடுத்தார்.

“நீங்க எந்த நீச்சல் கிளப்புலயும் இல்லலா. பதிவு இல்லாதவங்கள எறக்கினா மேல கேப்பாங்க. போட்டியில நீந்துற எங்க பிள்ளைங்களுக்குத்தான் பிரச்சினை.”

கிளப்புக்கு மேல் மாநிலச் சங்கம், அதற்கு மேல் தேசியச் சங்கம், எல்லாருக்கும் மேல் உலகச் சங்கம். விதி அங்கிருந்து இறங்கி வருகிறதாம். உலகத்துக்கு நம்மைப் பற்றி என்ன கவலை என்று ஒருத்தி அழுதே விட்டாள். நான் அம்மா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

தேசியச் சங்கம் கோலாலம்பூரிலிருந்து அனுப்பியிருந்த நடுவர், ஒரு சீன அம்மா, கையில் கோப்பிக் குவளையோடு வந்து விஷயத்தைக் கேட்டார். “அவர் சொல்றது சரிதான்,” என்றார் மலாயில். பிறகு அதிகாரியிடம் திரும்பினார்.

“ஒரு கிளப் இவங்களைச் சேர்த்துக்கிட்டா? அதுக்குக் கோலாலம்பூர் தேவையில்லையே. கிளப் சேர்க்கணும், நீங்க சரின்னு சொல்லணும். எல்லாரும் இங்கதானே இருக்கீங்க?”

கோப்பியை வைத்துவிட்டு அவரே ஒவ்வொரு கிளப்காரராகப் போய்க் கேட்டார். இரண்டு பேர் தலையாட்டி மறுத்தார்கள். கடைசியில் ஒரு கிளப் செயலாளர், தமிழர்தான், “சரி, நம்ம பிள்ளைங்கதானே, வாங்க,” என்றார். அதிகாரி தன் சங்கத்தாரோடு ஓரமாகப் பேசிவிட்டு வந்தார். முகம் இளகியிருந்தது. “சீக்கிரம் எறங்குங்கலா, இடைவேளை முடியப் போவுது!”

நன்றாக ஆடினோம் என்று சொல்ல மாட்டேன். ஒருத்தி தப்பான பக்கம் சுழன்றாள். நான் பிந்தி மேலே வந்தேன். ஆனால் ஆறு பேரின் கால்களும் ஒருசேர எழுந்து நின்ற அந்தக் கணத்தில் கூட்டமே கைதட்டியது. கரையேறியதும் அம்மா துண்டால் என் தலையைத் துவட்டிக்கொண்டே, “மூச்ச எப்படிடி அவ்வளவு நேரம் அடக்குன?” என்றார். உடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பின்னாளில் அதே கிளப்பின் செயற்குழுவில் எனக்கும் இடம் கிடைத்தது. விதிக்கு வெளியே நின்று யாராவது கேட்டால், முடியாது என்பதற்கு முன், அவர்களை உள்ளே எடுக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். அந்த நடுவர் அம்மாவின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாத எனக்கு, நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை.